எட்டு விளக்கும் எரிந்த பிறகு

நம் பைகளில் எது இல்லாவிட்டாலும் அந்தச் சின்ன டெஸ்டர் இருக்கும். 9 வோல்ட் பேட்டரி போட்டது, இரண்டு துண்டாகப் பிரிவது. ஒரு துண்டை ரேக்கில் சொருகிவிட்டு, மற்றதைக் கையில் கொடுத்துப் பையனை உள்ளறைக்கு அனுப்புவோம். ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக ஓடும். "எட்டும் வருதுண்ணே" என்று அங்கிருந்து குரல் வரும். அடுத்த பாயிண்டுக்குப் போய்விடுவோம். நாற்பது பாயிண்ட் உள்ள அலுவலகம் என்றால் ஒரு மணி நேரத்தில் 'டெஸ்டிங்' முடிந்துவிடும். அன்று மாலையே பில்.

அந்த எட்டு விளக்குகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த முனையில் உள்ள எட்டுக் கம்பிகளும் அந்த முனையில் அதே வரிசையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. துணி காயப்போடும் கம்பி எட்டை ஒன்றோடொன்று படாமல் இழுத்துக் கட்டினாலும் எட்டு விளக்கும் அழகாக எரியும். அந்தக் கம்பியில் நெட்வொர்க் ஓடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த டெஸ்டரை நம்பித்தான் சுவரைப் பூசி மூடச் சொல்கிறோம்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். ஒரு மருத்துவர் வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக், மேலே குடியிருப்பு. ஆறு பாயிண்ட். கலர் வரிசை அப்போது எனக்கு மனப்பாடம் ஆகவில்லை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பிரவுன், பிரவுன் என்று ஜோடி ஜோடியாக நேர் வரிசையில் அடுக்கிக் கிரிம்ப் செய்தேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரிதானே, என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. டெஸ்டரில் எட்டும் எரிந்தது. பக்கத்து அறைக் கணினி நன்றாகவே வேலை செய்தது. மாடியில் இருந்த கணினி மட்டும் படத்தைத் திறந்தால் திணறியது, அச்சுக்குக் கொடுத்தால் பாதியில் நின்றது. ரவுட்டரை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், கணினியின் லேன் கார்டையும் மாற்றினேன். ஒரு வாரம் கழித்து வந்த மூத்த தொழிலாளி கனெக்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அதை வெட்டிப் போட்டார்.

நான் செய்ததற்குப் பெயர் ஜோடி பிரிவு, 'ஸ்பிளிட் பேர்'. 3, 6 ஆகிய இரண்டு பின்களிலும் ஒரே ஜோடியின் கம்பிகள் இருக்க வேண்டும். பி வரிசையில் அது பச்சை ஜோடி. என் நேர் வரிசையில் மூன்றில் பச்சை ஜோடியின் கம்பியும் ஆறில் நீல ஜோடியின் கம்பியும் போய் உட்கார்ந்துவிட்டன. ஒன்றுக்கொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிகள் ஒரே சிக்னலைச் சுமக்கின்றன என்று பொருள். தந்திக் கம்பங்களின் காலத்திலேயே முறுக்கின் அருமை தெரிந்துவிட்டது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் முறுக்கிய ஜோடிக்குக் காப்புரிமை வாங்கியது 1881இல். பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மறுமுனை படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். நாம் இன்று இழுக்கும் கேட்6 கேபிளின் உயிரும் அந்த முறுக்கில்தான் இருக்கிறது. ஜாக்கில் ஏற்றும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதே என்று ஸ்டாண்டர்டு சொல்வது அதனால்தான். வசதிக்காக இரண்டு அங்குலம் பிரித்துவிட்டுப் பஞ்ச் டவுன் செய்கிற கைகள் நம்மிடையே நிறைய உண்டு. டெஸ்டர் அதையும் கண்டுகொள்ளாது.

முன்பெல்லாம் இந்தக் குறைகள் தூங்கிக் கிடந்தன. 100 எம்.பி.பி.எஸ். ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டும் சும்மா இருந்தன. 1999இல் வகுக்கப்பட்ட கிகாபிட் ஈதர்நெட் நான்கு ஜோடியையும் கேட்கிறது. வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்து, 200, 300 என்று பிளான் போட்ட பிறகுதான் நமக்கு அந்தத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின: "சார், ஸ்பீடு டெஸ்ட்ல 94க்கு மேல ஏற மாட்டேங்குது." 94 என்ற எண்ணைக் கேட்டவுடன் நம்மில் பழகியவர்களுக்கு விளங்கிவிடும். போர்ட் 100க்கு இறங்கிவிட்டது. எங்கோ ஒரு ஜோடி சரியில்லை. வாடிக்கையாளர் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். நாமும் அதைத் திருத்த அவசரப்படுவதில்லை என்பதை இந்தப் பக்கத்திலாவது ஒப்புக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய வியாதி கம்பிக்குள்ளேயே இருக்கிறது. அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு போட்டு வரும் சி.சி.ஏ. கேபிள். பெட்டியில் கேட்6 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும், சி.சி.ஏ. என்பது பொடி எழுத்தில் இருக்கும், சில பெட்டிகளில் அதுவும் இருக்காது. டி.ஐ.ஏ. ஸ்டாண்டர்டும் ஐ.எஸ்.ஓ. ஸ்டாண்டர்டும் முழுச் செம்பைத்தான் ஏற்கின்றன. அலுமினியக் கேபிளைக் கேட்5 என்றோ கேட்6 என்றோ அழைப்பதே தவறு. ஆனாலும் விலை பாதிக்குப் பாதி என்றால் கை தானாக நீளுகிறது.

இதன் தீங்கு அதிகம் தெரிவது கேமரா வேலையில். 48 வோல்ட்டில் முறையாக பி.ஓ.இ. கொடுக்கும் இடங்களில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 12 வோல்ட் அடாப்டரின் மின்சாரத்தை நீலம், பிரவுன் ஜோடிகளில் ஏற்றி அனுப்பும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அங்கே இது குட்டை உடைத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மீட்டர் தூரம், இரவில் ஐ.ஆர். விளக்கு எரியும்போது கேமரா இழுப்பது அரை ஆம்பியர். 24 கேஜ் செம்பென்றால் வழியில் இழப்பது ஏறத்தாழ 1.7 வோல்ட். அதே கேஜில் சி.சி.ஏ. என்றால் 2.6 வோல்ட். கேமராவுக்குப் போய்ச் சேருவது 9.4. பகலெல்லாம் ஒழுங்காக இருந்த கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். கேமரா பழுது என்று கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவார்கள். கடையில் பகல் வெளிச்சத்தில், ஒரு மீட்டர் பேட்ச் கார்டில் அது சொக்கத் தங்கமாக வேலை செய்யும்.

அலுமினியம் இரண்டு முறை மடக்கினால் முறியும். ஜாக்கின் பல்லுக்கிடையில் காற்றுப்பட்டுக் களிம்பேறும். இன்று எரிந்த எட்டு விளக்கும் மூன்று வருடம் கழித்து எரியும் என்பதற்கு உறுதி இல்லை.

கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும். 23 கேஜ் கேட்6 பெட்டியில் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். இழுத்து முடித்த கேபிளாக இருந்தால் மல்டிமீட்டர் போதும். 50 மீட்டர் கேபிளின் மறுமுனையில் ஏதாவது ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கிவிட்டு இந்தப் பக்கம் ஓம் பாருங்கள். 100 மீட்டர் கம்பிக்கு 9.38 ஓம்தான் உச்ச வரம்பு. 24 கேஜ் செம்பு எட்டரைக்குப் பக்கத்தில் காட்டும், அதே கேஜ் சி.சி.ஏ. பதின்மூன்றைத் தொடும். மீட்டர் முனைகளைத் தொட வைத்து வரும் ஓமைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்குள் 90 மீட்டர், இரு பக்கமும் பேட்ச் கார்டு சேர்த்து 100. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே 120 இழுக்கிறோம்.

வீட்டு வேலையில் சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. நம்மைக் கூப்பிடும்போது பூச்சு முடிந்து, பெயின்ட் முதல் கோட்டும் அடித்திருப்பார்கள். எலக்ட்ரீஷியன் தன் பைப்பைக் காட்டி "இதுலயே ஒரு லேன் வயர் விட்டுக்கோங்க" என்பார். 230 வோல்ட் ஓடும் பைப்பில் லேன் கேபிளை விடக் கூடாது. வேகம் குறைவதை விடுங்கள். உள்ளே ஓர் இன்சுலேஷன் உரிந்தால் மேசைமேல் இருக்கும் லேப்டாப்புக்கே மெயின் கரன்ட் வந்துவிடும். இந்த இடத்தில் மறுத்துவிட்டு இறங்கி வருவதுதான் சரி. மறுத்தவரை எனக்குத் தெரியும். அந்த வீட்டு வேலை அவருக்குப் போயிற்று. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே மேஸ்திரியையும் பொறியாளரையும் பிடித்து, ஒவ்வோர் அறைக்கும் தனியாக ஒரு 25 எம்.எம். பைப், உள்ளே ஒரு இழுகம்பி என்று கேட்டுவிட்டால் இந்தத் தகராறே வராது. பைப் இருந்தால் கேபிளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

சரி, அந்தச் சின்ன டெஸ்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். அது முதல் படி. ஜோடி பிரிவையும் கேபிளின் நீளத்தையும் காட்டுகிற மீட்டர் ஒன்று அடுத்த படி. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். ஒவ்வொரு ஜோடியின் குறுக்குப் பேச்சையும் சிக்னல் இழப்பையும் 250 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து, பாஸ் ஃபெயில் என்று அறிக்கை தருகிற சான்றிதழ் மீட்டர் மேல் படி. அதன் விலை பல லட்சம் என்பதால் யாரும் வாங்கச் சொல்லவில்லை. பெரிய அலுவலக வேலைக்கு நாள் வாடகைக்கு எடுக்கலாம். சின்ன வீட்டுக்கு அதுவும் வேண்டாம்: கிகாபிட் போர்ட் உள்ள ஒரு லேப்டாப்பை ஒவ்வொரு பாயிண்டிலும் சொருகி, 1000க்கு லிங்க் ஆகிறதா என்று பார்த்து, ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்து, சுவிட்சில் எரர் எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனித்தாலே பாதி வியாதி வெளியே வந்துவிடும்.

இதற்கு நேரம் பிடிக்கும், யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. குறை நம் கொட்டேஷனில்தான் இருக்கிறது. பாயிண்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கேபிள், ஜாக், கூலி, சோதனை எல்லாம் அதற்குள். பேரம் பேசும்போது எது கழிகிறது? கேபிளின் தரம் கழிகிறது, பிறகு சோதனை கழிகிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. வெளியே தெரியும் ஃபேஸ் பிளேட்டை மட்டும் நாம் குறைத்துக்கொள்வதே இல்லை.

கட்டடங்களின் இணைய வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் ஒழுங்குமுறையை 2024 அக்டோபரில் டிராய் வெளியிட்டது. கட்டடத்துக்கு மார்க் போடும் நாள் வந்துவிட்டால், சுவருக்குள் என்ன போட்டாய் என்ற கேள்வியும் நம் வாசலுக்கு வரும். அப்போது காட்டுவதற்கு நம்மிடம் ஒரு காகிதமும் இல்லை.

ஆகவே தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கொட்டேஷனிலிருந்து இரண்டு வரிகளைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள்: 'ஃபுல் காப்பர் கேபிள், மீட்டருக்கு இவ்வளவு', 'பாயிண்ட் சோதனையும் அறிக்கையும், பாயிண்டுக்கு இவ்வளவு'. வேண்டாம் என்று வாடிக்கையாளர் அடித்துவிட்டால் அடிக்கட்டும், அடித்த இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாயிண்ட் எண், ரேக் போர்ட் எண், நீளம், ஜோடி ஓம், லிங்க் வேகம், தேதி என்று கட்டம் போட்ட ஒப்படைப்புத் தாள் ஒன்றை இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். நகல் எடுத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் கேட்க வேண்டியதில்லை. ஒன்றை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றை ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வாருங்கள்.