விரலையா குறை சொல்வது?

விடுதிக் கட்டில்களின் கீழே உறங்கும் கித்தார்கள்தாம் எத்தனை! “நமக்கு இசை வராது” என்று கைகழுவிய நண்பர்களை ஒன்று கேட்கிறேன்: 12-ஆம் மெட்டின்மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதென்று அளந்ததுண்டா? எஃகுத் தந்திக் கித்தாரில் தடித்த ஆறாந்தந்திக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய முதல் தந்திக்கு 2 போதும். 4-ஐ எட்டினால் தேர்ந்தவர் விரலும் நோகும். விற்கும்போதே இதைச் சரிசெய்து கொடுப்பது கடைக்காரர் கடன், பலர் செய்வதில்லை.

டில்லி மழைக்காலத்தில் மேற்பலகை ஈரங்குடித்து உப்பும், தந்தியும் உயரும். முதலில் கழுத்தைப் பாருங்கள். ஆறாந்தந்தியை 1-ஆம், 14-ஆம் மெட்டுகளில் அழுத்தினால், 7-ஆம் மெட்டின்மேல் விசிட்டிங் கார்டு நுழையுமளவே இடைவெளி இருக்கலாம். மிகுந்தால் கழுத்தினுள் ஓடும் எஃகுக் கோலை வலப்புறமாகக் கால் சுற்று முறுக்கி, மீண்டும் அளவுங்கள். முரட்டுத்தனம் ஆகாது.

பிறகும் உயரமா? குதிரைமேலுள்ள சேடிலைக் கழற்றி, அடிப்புறத்தை உப்புத்தாளில் தேய்க்கவேண்டியதுதான். 12-ஆம் மெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேயவேண்டும். தேய்த்தது திரும்பாது, ஆகவே பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பக்கத்து நட்டின் பள்ளங்களை மட்டும் தொடவேண்டாம். அதற்கு நுண்ணிய அரம் வேண்டும். நம் விடுதியில் அது ஏது?