சுமைகூலி முக்காற்பணம்

கனடாவில் வாழும் எமது மருமகளிடமிருந்து சென்ற கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. அறுபதை அணுகும் எமது மூத்த தமக்கையார் அண்மையில்தான் அவளிடஞ் சென்றிருக்கிறார். ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியிலே அவர்களது வீடு. செருப்பன்றி வேறெதனையும் அறியாத தாயின் பாதங்களுக்குப் பனியில் நடக்கத் தக்க சப்பாத்து ஒரு சோடி வேண்டியிருந்தது. மகள் கணினியின் முன் அமர்ந்து தேடினாள். அமெரிக்க வணிகரொருவரின் இணையக் கடையில் நல்லதொரு சோடி அகப்பட்டது. விலை கனேடியப் பணத்தில் 90 டொலர். அனுப்பும் செலவு இல்லை என்றும் குறித்திருந்தது. மகிழ்ச்சியுடன் பணத்தைச் செலுத்தினாள்.

எட்டாம் நாள் வாசலில் மணி ஒலித்தது. பொதியுடன் நின்றவர் மேலும் 41 டொலர் 70 சதம் கேட்டார். கொடுத்தாற் பொதி கிடைக்கும். இன்றேல் வந்த வழியே திரும்பிப் போகும். மருமகள் திகைத்து நின்றாள். உள்ளிருந்து வந்த தமக்கையார் விபரங் கேட்டறிந்து, "பிள்ளை, சப்பாத்தின்ரை விலையிலை அரைவாசியை வாசலிலை குடுக்கிறதோ? சுண்டங்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் எண்டது சரியாய்த்தான் கிடக்கு" என்றாராம். குளிரோ நெருங்கிவிட்டது. வேறு வழியின்றிப் பணத்தைக் கொடுத்துப் பொதியைப் பெற்றுக்கொண்டனர்.

இப்பழமொழியை வகுப்பறையிலே பலமுறை விளக்கியிருக்கின்றோம். ஆயினும் அதன் பொருளைக் கணக்காகவே எழுதிக் காட்டத் தக்க உதாரணம் இதற்கு முன் எமக்குக் கிடைத்ததில்லை. பிள்ளையோ சகோதரரோ கனடாவில் இல்லாத குடும்பம் எமது வாசகரிடையே அரிது. ஆதலின் இவ்வாரம் இச்சுமைகூலியின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் அந்த 41 டொலர் 70 சதத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஒன்ராறியோ மாகாணத்தில் மத்திய அரசின் விற்பனை வரியும் மாகாண வரியும் 2010ஆம் ஆண்டு ஜூலை 1ஆந் திகதி முதல் ஒன்றாக இணைக்கப்பட்டு, நூற்றுக்கு 13 வீதமாக அறவிடப்படுகின்றன. 90 டொலருக்கு இவ்வரி 11 டொலர் 70 சதம். இது அரசுக்குச் சேர்வது. அதே சப்பாத்தை அடுத்த தெருக்கடையில் வாங்கியிருந்தாலும் இதே வீதத்தில் வரி கொடுத்தே ஆகவேண்டும். எஞ்சிய 30 டொலர் அப்பொருளுக்குரிய வரியன்று. அது பொதியைக் கொண்டுவந்த தூதஞ்சற் கம்பனி தனக்கென அறவிட்ட தரகுக் கட்டணம். பன்னிரண்டு டொலருக்கும் குறைந்த வரியைக் கட்டிக் கொடுத்ததற்குக் கூலி முப்பது டொலர்!

இத்தரகு எங்ஙனம் வந்தது? எல்லை கடந்து வரும் பொருளின் பெயர், வகை, பெறுமதி, செய்யப்பட்ட நாடு என்பவற்றைக் குறித்து, அதற்குரிய தீர்வையையும் வரியையும் செலுத்தினாலன்றிக் கனடா எல்லைச் சேவைகள் முகவரகம் அதனை விடுவிக்காது. கப்பலிற் சரக்கு இறக்கும் வணிகர் இவ்வேலைக்குத் தரகரொருவரை அமர்த்துவர். கூலியை முன்னரே பேசிக்கொள்வர். வீட்டிலிருந்து ஒரு சோடி சப்பாத்து வாங்கும் பெண்ணோ எவரையும் அமர்த்துவதில்லை. எவருடனும் கூலி பேசுவதில்லை. தூதஞ்சற் கம்பனியே அவள் பெயரால் தரகராகிப் பத்திரத்தை நிரப்பி, வரியை முற்பணமாகக் கட்டிவிடுகிறது. பின்னர் பத்திர வேலைக்கு ஒரு கட்டணம், முற்பணம் கட்டியமைக்கு ஒரு கட்டணம், சிலவேளை வாசலிற் பணம் பெற்றமைக்கு வேறொரு கட்டணம் என்று கேட்கிறது. பத்திரம் எழுதும் வேலை 90 டொலர்ப் பொருளுக்கும் 900 டொலர்ப் பொருளுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சிறிய பொருளைச் சிறிய பணத்திற்கு வாங்குபவர் தலையிலேதான் இச்சுமை விகிதப்படி மிகப் பாரமாக இறங்குகிறது.

இனி, பலரும் அறியாத ஒன்றைக் கூறுவோம். ஒரே பொருள், ஒரே விலை, ஒரே வீடு; எனினும் எவ்வழியாக வந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கு முற்றாக மாறிவிடும். அஞ்சல் மூலம் வரும் பொதிக்கு 20 கனேடிய டொலர் வரை தீர்வையும் இல்லை, வரியும் இல்லை. 20ஐத் தாண்டினால் மிகுதிக்கு மட்டுமன்றி முழுப் பெறுமதிக்கும் வரி உண்டு. அதனை அறவிட்டுக் கொடுக்கும் கனடா அஞ்சற் சேவை பொதி ஒன்றுக்குக் கையாளுகைக் கட்டணமாக 9 டொலர் 95 சதம் பெறும். 20 டொலர் என்ற இவ்வெல்லை புதியதன்று. 1990களின் தொடக்கத்திலும் இதே 20 டொலர்தான். அன்று 20 டொலருக்கு வாங்கக்கூடியது எவ்வளவு, இன்று எவ்வளவு என்பதைக் கனடாவிலுள்ளோர் நன்கறிவர்.

தூதஞ்சல் மூலம் அமெரிக்காவிலிருந்தோ மெக்சிக்கோவிலிருந்தோ வரும் பொதிக்கு விதி வேறு. மூன்று நாடுகளும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை 2020ஆம் ஆண்டு ஜூலை 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி 40 டொலர் வரை தீர்வையும் வரியும் இல்லை. 40 முதல் 150 வரை தீர்வை இல்லை, வரி மட்டும் உண்டு. இச்சலுகை அஞ்சலுக்குக் கிடைக்கவில்லை. ஏனைய நாடுகளிலிருந்து தூதஞ்சலில் வருவதற்கும் பழைய 20 டொலரே எல்லை.

மாணவர்கள் இதனைக் கணக்காகச் செய்து பார்க்கலாம். தீர்வையற்ற ஒரு பொருளின் விலை 38 டொலர் எனக் கொள்வோம். அமெரிக்காவிலிருந்து அது தூதஞ்சலில் ரொறன்ரோவுக்கு வந்தால் வரி பூச்சியம். அஞ்சலில் வந்தால் வரி 4 டொலர் 94 சதம், கையாளுகைக் கட்டணம் 9 டொலர் 95 சதம், ஆகமொத்தம் 14 டொலர் 89 சதம். விலை 60 டொலராயின் நிலைமை தலைகீழாகும். அஞ்சலில் வரியுங் கட்டணமும் 17 டொலர் 75 சதம். தூதஞ்சலிலோ வரி 7 டொலர் 80 சதமும், எமது மருமகளிடம் கேட்டதுபோன்ற தரகு 30 டொலரும் சேர்ந்து 37 டொலர் 80 சதம். எனவே 40 டொலருக்கு உட்பட்டதற்குத் தூதஞ்சலும், அதற்கு மேற்பட்டதற்கு அஞ்சலும் பெரும்பாலும் நன்மை தரும் எனலாம். பெரும்பாலும் என்றமைக்குக் காரணம் தீர்வை. உடைகளுக்கும் சப்பாத்துகளுக்கும் நூற்றுக்கு 18 வீதத் தீர்வை விதிக்கப்படுவதுண்டு. அது பொருள் அனுப்பப்பட்ட நாட்டைப் பொறுத்ததன்று, செய்யப்பட்ட நாட்டைப் பொறுத்தது. ஆசியாவிற் செய்து அமெரிக்கக் கடையில் விற்ற சட்டைக்கும் அத்தீர்வை பொருந்தும்.

தூதஞ்சலிலும் ஒரு நுட்பம் உண்டு. தரைவழிச் சேவைக்கு அனுப்பும் கூலி மலிவு. ஆயின் தரகு பெரும்பாலும் தனியே வந்து வாசலில் நிற்கும். விரைந்து வரும் வான்வழிச் சேவைகள் பலவற்றிலே பத்திர வேலைக்குரிய கூலி முன்னரே அடங்கியிருக்கும். மலிவென்று தெரிந்தது விலை கூடியதாகவும், விலை கூடியதென்று தெரிந்தது மலிவாகவும் முடிவதுண்டு.

கனடா பரப்பில் உலகின் இரண்டாவது பெரிய நாடு. ஆயினும் அதன் மக்களில் மூன்றிலிரண்டு பங்கினர் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீற்றருக்குள்ளேயே வாழ்கின்றனர் என்று 2016ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு காட்டிற்று. ரொறன்ரோவிலிருந்து அமெரிக்க நகராகிய பஃபலோ தெருவழியே ஏறக்குறைய 160 கிலோமீற்றர்தான். பஃபலோவுக்கு இலவசமாக வரும் பொதி, அவ்வளவு தூரத்தைக் கடந்து ரொறன்ரோவுக்கு வருவதற்குப் பெருங்கூலி கேட்கிறது. இதனாலன்றோ எல்லையோரத்து அமெரிக்க ஊர்களில் கனேடியருக்கென்றே பொதி வாங்கி வைக்கும் நிலையங்கள் தோன்றின!

வன்கூவர் நகருக்குத் தெற்கேயுள்ள பொயின்ற் றொபேர்ட்ஸ் அத்தகைய ஊர்களுள் விந்தையானது. 1846ஆம் ஆண்டின் உடன்படிக்கை 49ஆம் அகலக்கோட்டை எல்லையாக வகுத்தபொழுது, கனடாவோடு ஒட்டிய ஒரு நிலமுனையின் நுனி அமெரிக்காவுக்குப் போயிற்று. இன்றும் அமெரிக்கர் தரைவழியே அங்கு செல்வதாயின் கனடாவினூடாகவே செல்லவேண்டும். இச்சிற்றூரின் நிலையங்களிற் கனேடியர் தம் பொதிகளை இறக்குவித்துத் தாமே சென்று எடுத்து வருவர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆந் திகதி பெருந்தொற்றுக் காரணமாக எல்லை மூடப்பட்டபொழுது பொதிகள் அங்கே குவிந்து கிடந்தன. 2021ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதிதான் சாதாரணப் பயணிகளான கனேடியருக்கு அமெரிக்காவின் தரைவழி மீண்டுந் திறந்தது. இவ்வாறு எடுத்து வருவோர் வரியிலிருந்து தப்பிவிடுவதாக எண்ணலாகாது. எல்லைக்கு அப்பால் 24 மணித்தியாலத்திற்குக் குறைவாகத் தங்கியவருக்கு விலக்கு எதுவுமில்லை. 24 மணித்தியாலந் தங்கினால் 200 டொலர், 48 மணித்தியாலந் தங்கினால் 800 டொலர் வரையுமே விலக்கு. அவர்கள் மீதப்படுத்துவது அனுப்புங் கூலியையும் தரகையுமே.

அவ்வாறாயின் எல்லை வரை போகாமல் தரகை நீக்கும் வழி இல்லையா? உண்டு. வாங்கியவர் தமக்குத் தாமே தரகராக இருக்கக் கனடாவின் விதிகள் இடந்தருகின்றன. பொதி விடுவிக்கப்படுமுன்னரே, 'சுங்கக் கணக்கை யாமே முடிப்போம்' என்று தூதஞ்சற் கம்பனிக்கு அறிவித்து, பொதிக்குரிய பத்திரங்களைப் பெற்று, முகவரகத்தின் அலுவலகத்திற்கு நேரிற் செல்லவேண்டும். உரிய தீர்வையையும் வரியையும் கட்டிப் பற்றுச்சீட்டைக் கம்பனியிற் காட்டினாற் பொதி கிடைக்கும். எமது மருமகள் அடுத்தமுறை தாய்க்கு 120 டொலரில் ஒரு மேலங்கி வாங்கியபொழுது இவ்வாறே செய்தாள். 15 டொலர் 60 சத வரியோடு காரியம் முடிந்தது. ஆனால் அலுவலகத்திற்குப் போய்வர அரைநாள் கழிந்தது. நேரத்தை விலையாகக் கொடுக்கக் கூடியவருக்கே இவ்வழி. மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்பவருக்கு அது மலிவன்று. அலுவலகமே அருகில் இல்லாத ஊர்களில் வாழ்வோருக்கு அது வழியுமன்று.

இவ்விடத்து மறுபக்கத்தையும் கூறுதல் நீதி. ஸ்காபரோவில் எம்மவர் நடத்தும் கடைகள் பல. கடைவாடகை, ஊழியர் சம்பளம், வரி யாவற்றையும் கொடுத்து அவர்கள் பிழைக்கின்றனர். எல்லை கடந்து வரும் பொருளுக்கு மட்டும் வரி இல்லையெனின் அவர்கள் எங்ஙனம் நிலைப்பது? 20 டொலர் எல்லையை உயர்த்த வேண்டாமென்று கனேடிய வணிகர் வாதிட்டதற்கு இதுவே காரணம். அமெரிக்கா 2016ஆம் ஆண்டு தனது எல்லையை 800 டொலராக உயர்த்தி, பின்னர் 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி அச்சலுகையை எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டதையும் நோக்குக. வரி இருத்தல் குற்றமன்று. வரியைவிட வரி கட்டுங் கூலி பெரிதாயிருத்தலும், அக்கூலியை வாங்குமுன் கூறாமல் வாசலிற் கூறுதலுமே குற்றம். கடையில் விலைச்சீட்டைப் பார்த்துப் 'போதும்' என்று திரும்பிவிடும் உரிமை வறியவனுக்கும் உண்டு. அவ்வுரிமையையே இம்முறை பறித்துவிடுகிறது. வரி, தீர்வை, தரகு அனைத்தையும் சேர்த்து முழு விலையைக் காட்டி விற்கும் இணையக் கடைகளும் இப்பொழுது பல உள. நேர்மையான வணிகம் அதுவே.

இங்கிருந்து பொதி அனுப்பும் எமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தனியொருவர் மற்றொருவருக்கு அனுப்பும் அன்பளிப்புக்குக் கனடாவில் 60 டொலர் வரை விலக்கு உண்டு. புகையிலைக்கும் மதுவுக்கும் இல்லை. அதற்கு மேற்பட்டால் மிகுதிக்கு வரி. தபாற்கந்தோரிற் சுங்கப் படிவம் நிரப்பும்பொழுது பொருளையும் பெறுமதியையும் உண்மையாகவும் தெளிவாகவும் எழுதுக. அன்பளிப்பாயின் அவ்வாறே குறிப்பிடுக. எமது அன்பு அவர்கள் வாசலிற் கடனாகப் போய் நிற்றல் ஆகாது.

கனடாவிலுள்ள பிள்ளைகளுக்கு இக்கட்டுரையை அனுப்பும் வாசகர் நான்கு கேள்விகளையும் உடன் எழுதி அனுப்புவாராக. பொருள் எந்நாட்டிலிருந்து வருகிறது? அஞ்சலிலா, தூதஞ்சலிலா? தூதஞ்சலாயின் தரகு கூலியில் அடங்கியுள்ளதா? விலை எந்நாட்டு டொலரில்? அமெரிக்க டொலராயின், கடனட்டைக் கம்பனிகள் பல நாணயமாற்றுக்கென நூற்றுக்கு இரண்டரை வீதம் மேலதிகமாக எடுப்பதையும் சேர்த்துக்கொள்க.

எமது தமக்கையார் இணையத்தை அறியார். எனினும் மகள் கணினியின் முன் அமரும்பொழுதெல்லாம் அருகே வந்து ஒரே கேள்வி கேட்கிறாராம்: "பிள்ளை, சுமைகூலி எவ்வளவு?" விடை வந்த பின்னரே வாங்கவோ விடவோ தீர்மானிக்கின்றனர். சப்பாத்து நல்ல சப்பாத்துத்தான். வீட்டுக்கு வந்த நாள் முதல், கொடுத்த 131 டொலர் 70 சதத்திற்கும் அது உழைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதனை அணிகிறாராம்.