நிறைவேறிய வாக்கும் மறந்த வாக்கும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் லெய்ட்டே தீவில் பாலோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே கடற்கரையை ஒட்டிய நீர்த்தொட்டியில் ஏழு வெண்கல மனிதர்கள் கரையை நோக்கி நடக்கிறார்கள். ஒவ்வொரு சிலையும் ஆளைப்போல் இருமடங்கு உயரம். நடுநாயகமாக வருபவர் அமெரிக்க ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தர். 1944 அக்டோபர் 20 அன்று அவர் கரையேறிய இடம் அது. தலைநகர் மணிலாவின் பழைய கோட்டைப் பகுதியான இண்ட்ராமுரோஸில் இன்னொரு சிலை உண்டு. இறந்த குழந்தையை ஏந்தி அழும் ஒரு பெண். 1995இல்தான் அதை வைத்தார்கள். இரண்டும் ஒரே போரின் நினைவுச் சின்னங்கள். முதலாவது உலகம் அறிந்த கதை. இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியபோது பிலிப்பைன்ஸ், அமெரிக்கக் கொடியின் கீழ் இருந்த ஒரு காமன்வெல்த். 1946இல் முழுச் சுதந்திரம் தருவதாக அமெரிக்கா ஏற்கெனவே சட்டம் இயற்றியிருந்தது. 1942 ஜனவரி 2 அன்று மணிலா வீழ்ந்தது. மார்ச் மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கட்டளைப்படி மெக்கார்தர் மனைவி, மகனுடன் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பினார். அங்கே அவர் சொன்னதுதான் பிரசித்தி பெற்ற 'நான் திரும்பி வருவேன்'. 'நாங்கள்' என்று மாற்றிக்கொள்ளும்படி வாஷிங்டன் கேட்டது. அவர் மசியவில்லை. பின்னர் நீர்மூழ்கிக் கப்பல்களில் கெரில்லாக்களுக்குப் போன தீப்பெட்டிகளிலும் சிகரெட் பெட்டிகளிலும் அந்த வாசகம் அச்சாகியிருந்தது. அவர் விட்டுச்சென்ற படை ஏப்ரலில் பத்தானில் சரணடைந்தது. கைதிகளைக் கொளுத்தும் வெயிலில் நடத்தியே சாகடித்த அந்த மரண ஊர்வலத்தில் பெரும்பாலோர் பிலிப்பினோ சிப்பாய்கள்.

1944இல் அமெரிக்கத் தலைமைக்குள் ஒரு தர்க்கம் எழுந்தது. பிலிப்பைன்ஸின் பெரிய தீவான லூஸோனை ஒதுக்கிவிட்டு நேராக ஃபார்மோசாவைப் பிடிக்கலாம் என்றார் கடற்படைத் தலைவர் எர்னஸ்ட் கிங். ஜப்பானுக்கு அது இன்னும் அருகில். மெக்கார்தரின் பதில் தார்மீகமானது: நம்மை நம்பிய மக்களை இரண்டாவது முறையும் கைவிட முடியாது. ஜூலையில் ஹோனலூலுவில் ரூஸ்வெல்ட்டின் முன்னிலையிலும் இதையே வாதாடினார். இறுதியில் அவர் கட்சியே வென்றது.

லெய்ட்டேயில் தரையிறங்கியதும் மூண்ட கடற்போர் உலக வரலாற்றிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஜப்பானியக் கடற்படை அதற்குப் பிறகு தலைதூக்கவில்லை. விமானத்தோடு கப்பல்மீது மோதிச் சாகும் காமிகாஸி தற்கொலைப் படையை ஜப்பான் திட்டமிட்டு ஏவத் தொடங்கியதும் இங்கேதான். 1945 ஜனவரி 9 அன்று லூஸோனின் லிங்காயென் வளைகுடாவில் அமெரிக்கர்கள் இறங்கினார்கள். 1941இல் ஜப்பானியர் இறங்கிய அதே கரை.

மணிலாவுக்காகப் போரிடும் எண்ணம் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவுக்கு இல்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்து, ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கைதிகளாக்கிய அதே யமாஷிதாதான். அவர் படையோடு மலைகளுக்கு விலகினார். நகரில் இருந்த கடற்படை அதிகாரி இவாபுச்சி விலக மறுத்தார். பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை வீடு வீடாகச் சண்டை. சிக்கிய மக்களை ஜப்பானிய வீரர்கள் சுட்டார்கள், குத்தினார்கள், கட்டடங்களோடு எரித்தார்கள். விமானக் குண்டுவீச்சுக்கு மெக்கார்தர் அனுமதி தரவில்லை. ஆனால் பீரங்கிகளுக்கு இருந்த தடை சீக்கிரமே தளர்ந்தது. மக்கள் ஒளிந்திருந்த இடங்களிலும் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 1,000 பேர். ஜப்பானியர் சுமார் 16,000. மணிலா மக்களோ சுமார் ஒரு லட்சம் பேர். இண்ட்ராமுரோஸின் தேவாலயங்களில் நிமிர்ந்து நின்றது சான் அகஸ்டின் ஒன்றுதான்.

யமாஷிதா மணிலாவிலேயே விசாரிக்கப்பட்டு 1946 பிப்ரவரி 23 அன்று தூக்கிலிடப்பட்டார். அந்தக் கணக்கு தீர்ந்தது. இன்னொரு கணக்கு தீரவில்லை.

1941 ஜூலையில் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை மூலம் பிலிப்பைன்ஸ் படையை அமெரிக்க ராணுவச் சேவைக்கு அழைத்திருந்தார். கெரில்லாக்களையும் சேர்த்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் அந்தக் கொடியின் கீழ் போரிட்டார்கள். மெக்கார்தர் திரும்பி வரும்வரை தீவுகளை உளவு பார்த்துத் தகவல் அனுப்பியவர்களும், வந்த பிறகு வழிகாட்டியவர்களும் இவர்கள்தான். அமெரிக்க வீரர்களுக்கு உள்ள சலுகைகள் தங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பினார்கள். 1946 பிப்ரவரி 18 அன்று, அவர்களில் பெரும்பாலோரின் சேவை சலுகைகளைப் பொறுத்தவரை அமெரிக்க ராணுவச் சேவையாகாது என்று சட்டம் வந்தது. தார்மீகக் கடமை தீரவில்லை என்று சொல்லிக்கொண்டே ஜனாதிபதி ட்ரூமன் அதில் கையெழுத்திட்டார்.

நாட்டின் கதியும் இதேதான். 1946 ஜூலை 4 அன்று சுதந்திரம் வந்தது. கூடவே பெல் வர்த்தகச் சட்டமும் வந்தது. பிலிப்பைன்ஸின் காடுகளிலும் சுரங்கங்களிலும் அமெரிக்கர்களுக்குக் குடிமக்களுக்குச் சமமான உரிமை வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் 500 டாலருக்கு மேற்பட்ட போர்ச்சேத இழப்பீடு கிடையாது. இடிந்துகிடந்த நாட்டால் பேரம் பேச முடியுமா? அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அதற்கு நான்கில் மூன்று பங்கு வாக்குகள் தேவை. எதிர்த்து வாக்களிக்கக்கூடியவர்களில் ஒருவர் லூயிஸ் தாருக். ஜப்பானியருக்கு எதிராக விவசாயிகளைத் திரட்டிய ஹுக்பலஹாப் கெரில்லாப் படையின் தலைவர். விடுதலைப் படை வந்த பிறகு அமெரிக்கர்களால் சிறையில் அடைக்கப்பட்டவர். அவரையும் அவர் அணியினர் சிலரையும், தேர்தலில் வென்றிருந்தும், நாடாளுமன்றத்தில் அமரவிடவில்லை. திருத்தம் நிறைவேறியது. தாருக் மீண்டும் காட்டுக்குப் போனார்.

பிலிப்பினோக்கள் நன்றி மறந்தவர்கள் அல்ல. 1961இல் முதிய மெக்கார்தர் வந்தபோது மணிலாவில் திரண்ட கூட்டம் அதற்குச் சாட்சி. ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கொடுமையை அனுபவித்தவர்கள், அதை முடித்துவைத்தவரை வாழ்த்தியதில் வியப்பில்லை. ஆனால் மறு ஆண்டே அரசு சுதந்திர தினத்தை ஜூலை 4இலிருந்து ஜூன் 12க்கு மாற்றியது. 1898இல் ஸ்பெயினிடமிருந்து தாங்களே சுதந்திரம் பிரகடனம் செய்த நாள் அது. ஜூலை 4 அமெரிக்காவின் சுதந்திர தினம். மீட்டவரின் பிறந்தநாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டாட ஒரு நாடு எத்தனை காலம்தான் சம்மதிக்கும்?

படைவீரர்களின் கணக்கு 2009 வரை இழுத்தது. அந்த ஆண்டுதான் உயிரோடு இருந்தவர்களுக்கு ஒரே தவணையில் பணம் தர அமெரிக்கா சட்டம் செய்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000. ஒரே காட்டில் ஒரே எதிரியோடு போரிட்டவர்களுக்கு அப்போதும் இரண்டு விலை. திரும்பி வருவேன் என்ற ஜெனரலின் வாக்கு நிறைவேற இரண்டரை ஆண்டுகள் ஆயின. சிப்பாய்களுக்குத் தந்த வாக்கு அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்தபோது, அதை வாங்க அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.