கொடியில் யாருடைய கலம்?

பசு கன்று போட்டதும் இளங்கொடியைச் சாக்கில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கம் குடாநாட்டில் இருந்துவந்தது. மனிதச் சூல்வித்தகத்துக்கு நாம் அந்த மரியாதைகூடக் கொடுப்பதில்லை. முழுதாய் விழுந்ததா என்று பார்த்து, நிறையை எழுதி, வாளிக்குள் போட்டுவிடுகிறோம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பிரசவ வைத்திய நூலைத் தமிழில் கொண்டுவந்த 1857 இலேயே, கொடி முழுதாய் விழவேண்டும் என்பது தெரிந்த சங்கதி. அதற்கப்பால் பிரசவ அறை அதிகம் நகரவில்லை.

மாட்டில் தாயின் கருப்பைப் படலம் பெரும்பாலும் குலையாமலே நிற்கும். பிறபொருளெதிரிகள் கடப்பதில்லை; கன்றுக்கு அவற்றைக் கடும்புதான் கொடுக்கிறது. மனிதரில் சடைமுளைகள் தாயின் குருதிக்குள்ளேயே தோய்ந்து கிடக்கின்றன. பிள்ளையின் துரோபோபிளாஸ்ட் கலங்கள் தெசிதுவாவுக்குள் இறங்கி, சுருளி நாடிகளின் தசைச்சுவரைக் கரைத்து அகலமாக்குகின்றன. தாயின் இயற்கைக் கொல்லிக் கலங்கள் அவற்றைக் கொல்வதில்லை. எவ்வளவு தூரம் உள்ளே விடுவது என்பதில் இந்தக் கொல்லிக் கலங்களுக்கும் கையுண்டு. இந்த வேலை அரைகுறையாக நின்றால் பிறி-எக்லாம்சியா, அல்லது நிறை குறைந்த பிள்ளை.

நுணுக்குக்காட்டியின் கீழ் எது யாருடையது என்பது பார்வைக்கு எப்போதும் பிடிபடாது. தொற்று எதுவும் அகப்படாத சடைமுளை அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அழற்சி இருப்பது பிள்ளையின் இழையத்தில். எனவே பிள்ளையின் எதிர்வினை என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே குவியும் கலங்களில் பெரும்பகுதி தாயுடையவை என்று 1993 இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த கர்ப்பத்திலும் அது திரும்பலாம் என்பதால், தாய்க்குச் சொல்லவேண்டிய செய்தியும் மாறிவிடுகிறது.

2014 இல் அம்ஸ்டர்டாமில் கூடிய நோயியலாளர்கள் குருதியோட்டக் குறைபாடுகளைத் தாய்ப்பக்கம், பிள்ளைப்பக்கம் என்றே பிரித்தார்கள். குறைந்தது நான்கு கட்டிகள் கேட்டார்கள்: ஒன்றில் மென்சவ்வுச் சுருளும் தொப்புள்கொடியின் குறுக்குவெட்டுகளும், மூன்றில் முழுத்தடிப்பு வெட்டுகள். முழுத்தடிப்பில்தான் நாம் கோட்டை விடுகிறோம். மினுமினுக்கும் பிள்ளைப்பக்கத்தில் ஒரு துண்டைச் சீவி அனுப்பினால், தாயின் நாடிகள் வாளியோடு போய்விடும்.

துண்டு வேண்டாம், முழுவதையும் அனுப்புங்கள். உடனே அனுப்ப வசதியில்லையென்றால், சின்னப் போத்தலில் போர்மலினோடு திணிக்காமல் 4 பாகை செல்சியசில் வையுங்கள், உறைய விடாதீர்கள். படிவத்தில் கர்ப்ப வாரம், தாயின் குருதியமுக்கம், பிள்ளையின் நிறை, முந்தைய இழப்புகள் எல்லாம் இருக்கட்டும். ‘சூல்வித்தகம், ஆய்வுக்கு’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் நோயியலாளரும் ஒரு வரியில்தான் பதில் எழுதுவார்.