பாட்டியின் அஞ்சறைப் பெட்டி



சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், காட்டாங்குளத்தூரில் நம்மை நாடிவந்த மூதாட்டி ஒருவர், முந்தானையில் பொதிந்து கொணர்ந்த அஞ்சறைப் பெட்டியொன்றை மேசைமேல் வைத்தார். பலாமரத்தால் ஆனது, அவருடைய தாயார் திருமணச் சீராகத் தந்தது. அடிப்பலகை பிளந்து, ஒரு மூலை வாய்பிளந்து கிடந்தது. "அடுப்பில் போடச் சொல்கிறார்கள், சாமி. பேத்திக்கென்று வைத்திருந்தேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

நம்மிடம் இருந்தவை ஒரு சுத்தியல், ஓர் உளி, ஒரு குறடு, சிறிது உப்புத்தாள், அவ்வளவே. இரண்டு ஆணி அடித்தால் தீர்ந்துவிடும் என்றெண்ணி அடித்தோம். பிளவு இன்னும் ஓர் அங்குலம் நீண்டது! நாணத்தோடு அண்டையிலிருந்த முதிய தச்சரிடம் பெட்டியைக் கொண்டு சென்றோம்.

அவர் புன்னகைத்துக் காரணத்தை விளக்கினார். மரம் அறுபட்ட பின்னும் அசைகின்றது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பருக்கின்றது, கோடையில் சுருங்குகின்றது. நார் ஓடும் நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குவாக்கில்தான் அதிகம். முன்பு யாரோ அடிப்பலகையை நாற்புறமும் இரும்பாணியால் இறுக்கிவிட்டிருந்தனர். அசைய இடமின்றிப் பலகை பிளந்தது. நாமும் அதே பிழையைச் செய்திருந்தோம்.

அவர் சொற்படி, ஆணிகளைக் குறடால் மெல்லப் பிடுங்கினோம். பழைய பசையை உளியால் சுரண்டினோம். பழைய பசையின்மேல் புதுப்பசை பெரும்பாலும் சரியாகப் பிடிப்பதில்லை. பிளவில் வச்சிரப் பசையைச் சூடாகத் தடவிச் சேர்த்தோம். மூலைக்கும் அவ்வாறே பசையிட்டு, ஆணியிருந்த துளைகளில் மூங்கில் முளைகளைச் சீவிச் செருகினோம். இறுக்குவதற்குக் கருவி ஏது? பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினோம். இரு மூலைவிட்டங்களையும் நூலால் அளந்து, அவை சமமானபின் ஓரிரவு விட்டுவைத்தோம். அடிப்பலகையை மட்டும் பசையோ ஆணியோ இன்றி, விளிம்பைச் சற்றே தேய்த்துக் காடியில் நுழைத்தோம். இனி அது தன் விருப்பம்போல் பருக்கலாம், சுருங்கலாம்.

வச்சிரம் எதற்கு என்று வினவினோம். அது வெந்நீரில் இளகும். நாளை மற்றொருவர் மரத்தைச் சிதைக்காமல் பிரித்துச் செப்பனிடலாம் என்றார். முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடும் கேரளத்து மரவீடும் பழைய ஊர்களிலிருந்து கழற்றிக் கொணரப்பட்டு மீண்டும் எழுந்து நிற்கின்றன. பிரிக்க இயலுமாறு பொருத்திய முன்னோர் கைத்திறத்தின் பயன் அது.

மூதாட்டி பெட்டியைத் தடவிப் பார்த்தார். பிளவின் தழும்பு தெரிந்தது. "இருக்கட்டும், அம்மா கொடுத்ததுதானே" என்றார்.

உங்கள் பரணிலும் இத்தகைய பெட்டியொன்று இருக்கக்கூடும். அதை அடுப்புக்கு அனுப்புமுன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஆணியை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.