கெர்னலுக்கு ஆடிட்டர் வெச்சா சம்பளம் எவ்வளவு?

பி.காம். படிச்ச பேங்க்காரனுக்கு கெர்னல்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. இதுவும் கணக்குதான் மக்களே! தனக்கு ஒதுக்காத நினைவகத்துல கெர்னல் கை வெச்சா மெஷினே படுத்துடும். 2024 ஜூலையில க்ரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் அப்படித்தான் 85 லட்சம் விண்டோஸ் மெஷினைக் கவுத்துச்சு.

லினக்ஸ்ல இதைப் பிடிக்க ரெண்டு ஆடிட்டர். 2015-ல் வந்த கசான், ஒவ்வொரு வவுச்சரையும் பாக்குற கன்கரண்ட் ஆடிட். சம்பளம் மொத்த நினைவகத்துல 8-ல் ஒரு பங்கு, 4 ஜி.பி.க்கு 512 எம்.பி. டி.டி.எஸ். மாதிரி பூட் ஆகும்போதே பிடிச்சுக்கிட்டு, மிச்சத்தைத்தான் 'மெம்டோட்டல்'னு காட்டும். 'யூஸ்டு' கட்டத்தை மட்டும் பாத்தா இந்தச் செலவு தெரியாது. கசான் போட்டும் போடாமலும், ஒரே வேலையைக் கொடுத்து அளக்கணும்.

2021-ல் வந்த கேஃபென்ஸ், சர்ப்ரைஸ் இன்ஸ்பெக்‌ஷன். வழக்கமான அமைப்புல சுமார் 2 எம்.பி. போதும். ஒரு மெஷின்ல தப்பு தப்பிச்சாலும், ஆயிரம் மெஷின்ல எங்கயாவது மாட்டும்.

எங்க பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் அரசுப் பள்ளிகள்ல ஓடுறது கைட் லினக்ஸ். பழைய மெஷின்ல 512 எம்.பி. போனா பிள்ளைங்க பாடம் இழுக்கும். அங்கே என் ஓட்டு கேஃபென்ஸுக்கு. கசான் டெவலப்பர் மேசையில இருக்கட்டும்.