கல்லீரலில் சத்தமில்லாத குடித்தனம்

கண் மஞ்சளாகாதவரை கல்லீரல் நலம் என்று பலரும் நம்புகிறோம். ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு இந்த நம்பிக்கை வெகு சௌகரியம். பசி குறையாமல், காய்ச்சல் வராமல் 20, 30 வருடங்கள்கூட அது உள்ளே குடியிருக்கும்.

எப்படி முடிகிறது? கல்லீரல் செல் ஒரு புரதத் தொழிற்சாலை. ரத்தக் குழாய்களில் நீரைத் தக்கவைக்கும் ஆல்புமினும், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களும் இங்கேதான் தயாராகின்றன. வைரஸ் இந்தத் தொழிற்சாலையை இடிப்பதில்லை. தன் சரக்கைத் தயாரிக்க வைக்கிறது. அதன் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் ஒரு வளையமாகத் தங்கிவிடும். அதை அடக்கிவைக்க எஸ்எம்சி 5/6 என்ற காவல் புரதங்கள் செல்லிடம் உண்டு. வைரஸின் 'எக்ஸ்' என்ற சிறு புரதம், செல்லின் சொந்தக் குப்பை அகற்றும் ஏற்பாட்டை வைத்தே அந்தக் காவலைத் தீர்த்துக்கட்டுகிறது. இது 2016இல் வெளிவந்த கண்டுபிடிப்பு.

காவல் போனதும் உற்பத்தி தாராளம். வைரஸின் மேலுறைப் புரதம் தேவைக்கு மேல் தயாராகி, காலி உறைகளாக ரத்தத்தில் கொட்டுகிறது. நோய் எதிர்ப்புப் படை இந்தப் போலிகளின் பின்னால் அலைகிறது. உண்மை தெரிந்து திரும்பினாலோ, வைரஸ் குடியேறிய செல்களையே தாக்குகிறது. இந்தச் சண்டை வருடக்கணக்கில் நீடித்தால் தழும்பு, சிரோசிஸ், சிலருக்குப் புற்றுநோய்.

அந்த மேலுறையே வைரஸைக் காட்டியும் கொடுக்கிறது. 1960களில் பரூக் புளூம்பெர்க் அதை ரத்தத்தில் கண்டுபிடித்தார். 1976இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் எச்பிஎஸ்ஏஜி சோதனை தேடுவது அதைத்தான். அதே புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்தால் தடுப்பூசி. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் அதை இந்தியாவிலேயே தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. மருந்துகள் வைரஸை அடக்கும். உட்கருவில் உள்ள வளையத்தை அநேகமாக அகற்றுவதில்லை. ஆகவே, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு எச்பிஎஸ்ஏஜி சோதனை அவசியம். மற்றவர்களும் 'லிவர் டெஸ்ட் நார்மல்' என்ற காகிதத்தோடு திருப்தி அடைய வேண்டாம். அந்தச் சோதனை செல்லின் சேதத்தைச் சொல்லும். உள்ளே குடியிருப்பவரைப் பற்றிச் சொல்லாது.